கிருமி தானே காட்டிக்கொடுக்கும் வெளிச்சம்

சின்ன வயதில் கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி அவரை விதையை ஊன்றிவைத்தவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். முளைத்துவிட்டதா என்று பார்க்கும் ஆசையில் மறுநாளே மண்ணைக் கிளறுவோம். விதை கையோடு வந்துவிடும். முளைவிட்டிருந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஆனால் அந்த விதை அதன்பின் எப்படி வளர்ந்திருக்கும் என்பது ஒருநாளும் தெரியாது.

உடலுக்குள் நுழைந்த பாக்டீரியா எங்கே போகிறது, எங்கே தங்குகிறது, எப்போது பெருகுகிறது என்று ஆராய்ந்தவர்கள் நெடுங்காலம் இப்படித்தான் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒரு சுண்டெலிக்குச் சால்மோனெல்லா கிருமியைக் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் அது குடலில் இருக்கிறதா, கல்லீரலுக்குப் போய்விட்டதா? அறிய வேண்டுமானால் சுண்டெலியைக் கொன்று, உறுப்புகளை எடுத்து அரைத்து, அந்தக் கரைசலைப் பத்து மடங்கு பத்து மடங்காக நீர்த்து, அகார் என்ற ஊட்டக்கூழ் நிரப்பிய தட்டுகளில் பரப்பி, ஓர் இரவு வெதுவெதுப்பில் வைத்து, மறுநாள் வளர்ந்திருக்கும் காலனிகளை எண்ண வேண்டும். உயிரோடிருந்த ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும் என்பது இதன் கணக்கு. நுண்ணுயிரியல் படித்த நாட்களில் அந்தப் புள்ளிகளை எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போன மாலைகள் எனக்கு உண்டு. அந்த முறையின் மீது எனக்கு மிகுந்த மரியாதை இருக்கிறது. உயிருள்ள கிருமிகளை எண்ணுவதற்கு இன்றும் அதுவே அளவுகோல்.

ஆனால் அது ஒரு கணத்தின் படம் மட்டுமே. மூன்றாம் நாள் கொல்லப்பட்ட சுண்டெலி வேறு, ஐந்தாம் நாள் கொல்லப்பட்டது வேறு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத் தொற்று இப்படி நகர்ந்தது என்று சொல்வது, ஐந்து வீட்டுக் குழந்தைகளின் படங்களை வரிசையாக ஒட்டி ஒரே குழந்தை வளர்ந்த கதை என்று சொல்வதைப் போன்றது. இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. எந்த உறுப்பை எடுத்து அரைக்கிறோமோ, அங்கே இருக்கும் கிருமி மட்டுமே நமக்குத் தெரியும். தேட வேண்டும் என்று தோன்றாத மூலையில் அது பதுங்கியிருந்தால், நம் கணக்கில் அது வராது.

கிருமியே ஒரு விளக்கை ஏந்திக்கொண்டு உடலுக்குள் நடமாடினால்? விலங்கைக் கொல்லாமல், அறுக்காமல், வெளியிலிருந்தே பார்த்து "இன்று இங்கே, நாளை அங்கே" என்று தொடர முடியுமல்லவா? அதைச் செய்வதுதான் உயிரொளிப் படமெடுப்பு.

சூடில்லாத விளக்கு

2019 ஆகஸ்டில் ஓர் இரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததை நேரிலோ படத்திலோ பலர் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளியை உண்டாக்கியவை கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒற்றைச் செல் கடலுயிர்கள். மின்மினி வேறு ஓர் உயிரினம், அதன் ஒளி பச்சை கலந்த மஞ்சள். கடலில் வாழும் பல பாக்டீரியாக்களும் ஒளிர்கின்றன. இவை எல்லாம் ஒளியை உண்டாக்கும் விதம் அடிப்படையில் ஒன்றுதான்: ஒரு பொருள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மாற்றமடைகிறது, அப்போது வெளிப்படும் ஆற்றல் வெப்பமாகப் போகாமல் ஒளியாக வருகிறது.

ஆக்ஸிஜன் என்ற பெயரே பிறக்காத காலத்தில், 1667இல், இங்கிலாந்தின் ராபர்ட் பாயில் ஒளிரும் உளுத்த மரத்துண்டு ஒன்றைக் கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார். ஒளி அணைந்தது. காற்றைத் திரும்ப விட்டார், ஒளி மீண்டது. மரத்தை ஒளிரவைப்பது உயிருள்ள பூஞ்சை என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் இந்த விளக்குக்குக் காற்று வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு சுண்டெலியின் குடலுக்குள் இதே விஷயம் மீண்டும் வரும்.

1880களில் ஃபிரான்ஸைச் சேர்ந்த ரஃபாயேல் துபுவா இன்னொரு படி போனார். ஒளிரும் வண்டிலிருந்தும் பின்னர் ஒளிரும் சிப்பியிலிருந்தும் இரண்டு சாறுகளை எடுத்தார், ஒன்று குளிர்ந்த நீரில், மற்றது வெந்நீரில். குளிர்சாறு சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்துவிடும். வெந்நீர்ச் சாறு ஒளிராது. இரண்டையும் கலந்தால் மறுபடி ஒளி. குளிர்சாற்றில் எரிபொருள் தீர்ந்துவிட்டது, நொதி மிஞ்சியிருக்கிறது. வெந்நீர்ச் சாற்றில் நொதி சூட்டில் கெட்டுவிட்டது, எரிபொருள் மிஞ்சியிருக்கிறது. எரிபொருளுக்கு லூசிஃபெரின் என்றும் நொதிக்கு லூசிஃபெரேஸ் என்றும் அவர் பெயரிட்டார். சமையலறையில் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு எளிய சோதனை, ஆனால் இந்தத் துறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

பாக்டீரியாவின் விளக்குக்கு மூன்று பொருள்கள் வேண்டும். ஆக்ஸிஜன் ஒன்று. வைட்டமின் பி2விலிருந்து உருவாகும் ஓர் ஆற்றல் மூலக்கூறு இரண்டாவது. நீண்ட கொழுப்புச் சங்கிலி கொண்ட ஆல்டிஹைடு மூன்றாவது. லூசிஃபெரேஸ் இவற்றை ஒன்றுசேர்க்கும்போது சுமார் 490 நானோமீட்டர் அலைநீளத்தில் நீலப்பச்சை ஒளி பிறக்கிறது. இதற்கான கட்டளைகள் ஐந்து மரபணுக்களில், ஒரே வரிசையில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன. அந்தத் தொகுப்புக்கு லக்ஸ் என்று பெயர். ஐந்தில் இரண்டு மரபணுக்கள் நொதியை உருவாக்குகின்றன, மற்ற மூன்றும் ஆல்டிஹைடைத் தயாரித்துக் கொடுக்கின்றன. திரியும் எண்ணெயும் ஒரே பொட்டலத்தில் கிடைப்பதுபோல. இந்த ஐந்தையும் ஒரு நோய்க்கிருமிக்குள் சேர்த்துவிட்டால் அது வெளியிலிருந்து எதையும் எதிர்பாராமல் தானே ஒளிரும். மின்மினியின் லூசிஃபெரேஸைப் பயன்படுத்தினால் இந்த வசதி இல்லை. ஒவ்வொரு முறை படம் எடுக்கும் முன்பும் விலங்குக்கு லூசிஃபெரினை ஊசி மூலம் செலுத்த வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒளிர்வது எல்லாம் ஒன்றல்ல. ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழ் காட்டினால் அதிலுள்ள நூல் பளிச்சிடுகிறது, விளக்கை அணைத்தால் நூலும் அணைந்துவிடும். அது வெளியிலிருந்து வாங்கிய ஒளியை நிறம் மாற்றித் திருப்பித் தருகிறது. 2008இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த பச்சை ஒளிர்புரதம் அந்த வகை. அதை விலங்குக்குள் பார்க்க வேண்டுமானால் மேலேயிருந்து ஒளி பாய்ச்ச வேண்டும், அப்போது தோலும், தின்ற தீவனத்திலுள்ள பச்சையமும்கூடச் சேர்ந்து ஒளிரும். உயிரொளியில் இந்தத் தொல்லை இல்லை. பாலூட்டியின் உடல் கிட்டத்தட்ட முழு இருட்டு. அந்த இருட்டில் ஒரு புள்ளி தெரிந்தால் அது நாம் அனுப்பிய கிருமிதான்.

நூற்புழு சுமந்த விளக்கு

லக்ஸ் மரபணுக்களை முதலில் பிரித்தெடுத்தது கடல் பாக்டீரியா ஒன்றிலிருந்து. 1983இல் அவற்றை எடுத்து ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தபோது, ஒருநாளும் ஒளிராத அந்தக் குடல்வாசி ஒளிர்ந்தது. ஆனால் கடல் பாக்டீரியாவின் நொதி குளிர்ந்த நீருக்குப் பழகியது. பாலூட்டியின் உடல் வெப்பமான 37 டிகிரியில் அது நிலைகுலைந்துவிடுகிறது. நோய்த்தொற்றை ஆராய அது உதவாது.

தீர்வு மண்ணிலிருந்து வந்தது. மண்ணில் வாழும் ஒருவகை நூற்புழு, பூச்சிகளின் புழுக்களைத் தேடிப்போய் உடல் திறப்புகள் வழியாக உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் தன் குடலில் சுமந்துவந்த பாக்டீரியாவைக் கக்குகிறது. அந்தப் பாக்டீரியா ஓரிரு நாளில் பூச்சியைக் கொன்று, சடலத்தை நூற்புழுவுக்கு உணவாக்கிக் கொடுக்கிறது. இருட்டில் பார்த்தால் செத்த பூச்சி மெல்ல ஒளிரும். அந்த பாக்டீரியாவின் பெயர் ஃபோட்டோராப்டஸ். நிலத்தில் வாழும் பாக்டீரியாக்களில் ஒளிரும் திறன் உள்ளவை மிக அரிது, அந்த அரிய சிலவற்றில் இது ஒன்று. இதன் லூசிஃபெரேஸ் 45 டிகிரி வெப்பத்தைக்கூடத் தாக்குப்பிடிக்கிறது. சுண்டெலியின் உடல் வெப்பம் அதற்கு ஒரு பொருட்டல்ல.

இந்தக் கூட்டணியைச் சேர்ந்த நூற்புழு இனங்களில் ஒன்று கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு 1992இல் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஹெட்டரோராப்டைடிஸ் இண்டிகா என்பது அதன் பெயர். பயிர்ப் பூச்சிகளைக் கட்டுப்படுத்த இன்று நம் விவசாயிகளும் அதை வயலில் விடுகிறார்கள். வயலுக்குப் பூச்சிக்கொல்லியாகப் போகும் ஒரு கூட்டணியின் உறவுக்காரப் பாக்டீரியாதான் ஆய்வகங்களுக்கு விளக்கையும் தந்திருக்கிறது. எனக்கு இதை நினைக்குந்தோறும் வியப்பாக இருக்கிறது.

1995: வெளியிலிருந்து பார்த்தார்கள்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கோன்டாக், பமேலா கோன்டாக், டேவிட் பெனரான் ஆகியோரைக் கொண்ட குழு கேட்ட கேள்வி எளிமையானது: உடலுக்குள் இருக்கும் பாக்டீரியா ஒளிர்ந்தால், அந்த ஒளி சதையையும் தோலையும் தாண்டி வெளியே வருமா?

இருட்டறையில் டார்ச் விளக்கின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை சிவப்பாக ஒளிரும். வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் இருந்தும் சிவப்பு மட்டும் ஏன் மறுபக்கம் வருகிறது? இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடுகிறது. சுமார் 600 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்பை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. பாக்டீரியாவின் ஒளியோ 490இல் உச்சம் கொள்ளும் நீலப்பச்சை. பெரும்பகுதி உடலுக்குள்ளேயே விழுங்கப்பட்டுவிடும். ஆனால் அதன் ஒளிப்பட்டை அகலமானது, அதன் வால்பகுதி சிவப்பை எட்டுகிறது. அந்த வால் மட்டும் தப்பி வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல்தான், ஆனால் நுட்பமான கேமராவுக்கு அது போதும்.

அவர்கள் சால்மோனெல்லாவின் மூன்று ரகங்களுக்கு ஃபோட்டோராப்டஸின் லக்ஸ் மரபணுக்களைக் கொடுத்து, சுண்டெலிகளுக்கு வாய்வழியே புகட்டினார்கள். மூன்றும் நோயுண்டாக்கும் வீரியத்தில் வேறுபட்டவை. பின்வந்த நாட்களில் அதே சுண்டெலிகளைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள். வீரியமற்ற ரகத்தின் ஒளி நாளுக்கு நாள் மங்கிப் போயிற்று. வீரியமான ரகத்தின் ஒளி வயிற்றில் பல இடங்களுக்குப் பரவிற்று. குருட்டுக்குடல் இருக்கும் பகுதி தனித்துத் தெரிந்தது. தொற்று கண்ட சுண்டெலிகளுக்குச் சிப்ரோஃப்ளாக்ஸசின் மருந்தைக் கொடுத்தபோது சில மணி நேரத்தில் ஒளி சரிந்தது. மருந்து வேலை செய்வதை, உயிருள்ள ஒரு விலங்குக்குள், அறுக்காமல், நேருக்கு நேர் பார்த்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரை 1995இல் வெளிவந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் மற்றக் கிருமிகளின் முறை வந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற, தடித்த செல்சுவர் கொண்ட கிராம்-பாசிட்டிவ் வகைப் பாக்டீரியாக்களுக்கு லக்ஸ் தொகுப்பை அப்படியே கொடுத்தால் ஒளி சரியாக வராது. மரபணு ஒவ்வொன்றின் முன்னாலும் "இங்கிருந்து படி" என்று சொல்லும் ஒரு குறி இருக்க வேண்டும், அவற்றுக்குப் பழகிய குறி வேறு. 2000ஆம் ஆண்டு வாக்கில் அந்தக் குறிகளைத் திருத்தி எழுதி, வரிசையையும் மாற்றியமைத்து, ஸ்டஃபைலோகாக்கஸையும் பின்னர் நிமோனியாவை உண்டாக்கும் நியுமோகாக்கஸையும் ஒளிரவைத்தார்கள்.

படம் எப்படி எடுக்கிறார்கள்

சுண்டெலிக்கு மூச்சுவழி மயக்க மருந்து கொடுத்து, ஒளி துளியும் புகாத பெட்டிக்குள் படுக்கவைக்கிறார்கள். முதலில் சாதாரண வெளிச்சத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, சில வினாடிகள் முதல் சில நிமிடங்கள் வரை கேமராவைத் திறந்துவைக்கிறார்கள். கேமராவின் உணர்சில்லு சுமார் மைனஸ் 90 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்டிருக்கும். சில்லு வெதுவெதுப்பாக இருந்தால் அதன் சொந்த வெப்பமே போலிப் புள்ளிகளை உண்டாக்கும், நாம் தேடும் மங்கலான ஒளி அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். எல்லாம் முடிய அதிகம் போனால் பத்து நிமிடம். சுண்டெலி விழித்தெழுந்து கூண்டுக்குப் போய்த் தீவனம் தின்னத் தொடங்கும்.

இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது, சாம்பல் நிறச் சுண்டெலியின் வயிற்றில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் திட்டுகள் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். அந்த நிறங்கள் உண்மையானவை அல்ல. ஒளி மிகுந்த இடத்துக்குச் சிவப்பு, குறைந்த இடத்துக்கு நீலம் என்று கணினி பூசியவை. மழைப்பொழிவைக் காட்டும் ரேடார் படத்தில் வரும் நிறங்கள் போல. பார்க்க வேண்டியது பக்கத்திலிருக்கும் அளவுப் பட்டையை. வினாடிக்கு எத்தனை ஒளியணுக்கள் வந்தன என்ற எண்தான் ஆய்வாளருக்குப் பேசும். அளவுப் பட்டையை மாற்றினால் அதே தொற்று பயங்கரமாகவும் தெரியும், ஒன்றுமில்லாததாகவும் தெரியும். அளவுப் பட்டை இல்லாமல் வெளியாகும் படங்களை நம்பாதீர்கள்.

பித்தப்பையில் கிடைத்த ஆச்சரியம்

இந்த முறையின் அருமையை ஒரே ஒரு கதையில் சொல்லச் சொன்னால் நான் லிஸ்டீரியாவின் கதையைத்தான் சொல்வேன்.

லிஸ்டீரியா உணவுவழி பரவும் கிருமி. குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் வளரக்கூடியது. கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஆபத்தானது. உடலின் செல்களுக்குள் புகுந்து, செல்லிலிருந்து செல்லுக்குத் தாவி வாழ்வதில் தேர்ந்தது என்று பாடப்புத்தகங்கள் அதை அறிமுகப்படுத்தும். பல பத்தாண்டுகளாக நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்களின் செல்லக் கிருமியும் அதுதான். வழக்கமாக அவர்கள் எடுத்து அரைத்தது கல்லீரலையும் மண்ணீரலையும்.

2004இல் ஜொனாதன் ஹார்டியும் கோன்டாக் குழுவினரும் ஒளிரும் லிஸ்டீரியாவைச் சுண்டெலிகளுக்குள் செலுத்திப் படமெடுத்தபோது, வயிற்றின் மேற்பகுதியில் ஓரிடத்தில் கூர்மையான ஒளிப்புள்ளி தெரிந்தது. பரவலாகக் கல்லீரல் முழுவதும் ஒளிர்ந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். இது ஒரு புள்ளி. திறந்து பார்த்தபோது அது பித்தப்பை. உள்ளே பித்தநீரில் லிஸ்டீரியா ஏராளமாகப் பெருகியிருந்தது, அதுவும் எந்தச் செல்லுக்குள்ளும் புகாமல், வெளியே, சுதந்திரமாக. செல்லுக்குள் வாழ்வதற்குப் பேர்போன கிருமி, பல பாக்டீரியாக்களைக் கொல்லக்கூடிய பித்தநீரில் தனியே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

பித்தப்பை சும்மா இருக்கும் பை அல்ல. நாம் சாப்பிட்டதும் அது சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடுகிறது. அப்படியானால்? பட்டினி போட்ட சுண்டெலிக்கு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். சில நிமிடங்களிலேயே ஒளி பித்தப்பையிலிருந்து குடலுக்குள் வழிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் உயிருள்ள கிருமிகள் எச்சத்தோடு வெளியேறின. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் கிருமி ஊற்றெடுக்கும் ஒரு தேக்கம் உடலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. மனிதர்களில் டைஃபாய்டு கிருமி பித்தப்பையில் பல ஆண்டுகள் தங்கி, நோயே தெரியாதவர்களைக் கிருமி பரப்புவோராக்குவது முன்பே தெரிந்த விஷயம். லிஸ்டீரியாவைப் பற்றி அப்படி யாரும் நினைத்திருக்கவில்லை, ஆகவே யாரும் பித்தப்பையை எடுத்து அரைக்கவில்லை. கேமரா எங்கே தேட வேண்டும் என்று கேட்பதில்லை. அது முழு உடலையும் பார்க்கிறது. தேடாத இடத்தில் இருப்பது பழைய முறையில் தெரியாமல் போவதைத்தான் முதலிலேயே பெரிய குறை என்று சொன்னேன்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சூசி வைல்ஸ் குழு, சுண்டெலிகளுக்கு வயிற்றுப்போக்கு நோய் தரும் சிட்ரோபாக்டர் கிருமியைத் தொடர்ந்தபோதும் இப்படி ஒன்று வெளிப்பட்டது. கிருமி முதலில் குருட்டுக்குடலில் நோயெதிர்ப்புத் திசு குவிந்திருக்கும் ஒரு சிறு திட்டில் காலூன்றி, அதற்குப் பிறகே பெருங்குடலுக்குப் போகிறது. இன்னொரு சுண்டெலியின் குடல் வழியே வந்த கிருமி, ஆய்வகத்தில் வளர்த்த கிருமியைவிட எளிதாகத் தொற்றுகிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

மருந்து வேலை செய்கிறதா?

இன்று இந்த முறை மிகுதியாகப் பயன்படுவது மருந்துச் சோதனையில். செயற்கை மூட்டு, சிறுநீர்க் குழாய் போன்றவற்றில் பாக்டீரியா வழுவழுப்பான படலமாகப் படிந்துகொண்டால் மருந்து எளிதில் எட்டாது. ஒளிரும் ஸ்டஃபைலோகாக்கஸ் படிந்த சிறு குழாயைச் சுண்டெலியின் தோலடியில் வைத்து மருந்து கொடுத்தால், ஒளி தணிவதையும், மருந்தை நிறுத்தியதும் அதே இடத்தில் மீண்டும் தலைதூக்குவதையும் பார்க்க முடிகிறது. தொற்று முழுவதும் தீர்ந்ததா, அடங்கிக் கிடந்ததா என்ற வேறுபாடு நோயாளிக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

காசநோய்க் கிருமி மெதுவாக வளர்வது. தட்டில் காலனி தெரிய மூன்று நான்கு வாரங்கள் ஆகும். ஆகவே அதை ஒளிரவைக்கும் முயற்சிக்குத் தனி மதிப்பு உண்டு. சுண்டெலியின் நுரையீரலில் இதைப் பார்க்க, மின்மினி லூசிஃபெரேஸைப் பயன்படுத்துகிறார்கள். உடல் வெப்பத்தில் அதன் ஒளி சிவப்பை நோக்கி நகர்வதால் நெஞ்சைத் தாண்டி வருவது எளிது. விலங்குக்கு வெளியே, சோதனைக் குழாயிலும் இதே மின்மினி உதவுகிறது. 1993இல் நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் ஜேக்கப்ஸ் குழு, மின்மினி மரபணுவைச் சுமந்த ஒரு வைரஸை, பாக்டீரியாவை மட்டும் தாக்கும் ஃபேஜை, காசநோய்க் கிருமிமேல் ஏவியது. கிருமி உயிரோடிருந்தால் ஒளிரும், மருந்து கொன்றிருந்தால் ஒளிராது. எந்த மருந்து கேட்கும் என்று அறிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையமும், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இந்த வழியில் சொந்தமாக ஃபேஜ்களை உருவாக்கியது. அதற்குப் பயன்பட்டவற்றில் சே12 என்ற ஃபேஜும் ஒன்று. பெயரின் முதலெழுத்தே அது சென்னையில் கிடைத்தது என்பதைச் சொல்கிறது.

இருட்டைப் படிப்பது

ஒளி தெரிந்தால் கிருமி இருக்கிறது. ஒளி தெரியவில்லை என்றால் கிருமி இல்லை என்று பொருளா? இல்லை. இந்த முறையைப் பழகுகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்.

பாயிலின் கண்ணாடிக் கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடலின் உட்புறம் பெரும்பாலும் ஆக்ஸிஜன் இல்லாத இடம். அங்கே கோடிக்கணக்கில் கிருமி இருந்தாலும் மங்கலாகவே ஒளிரும், குடலை வெளியே எடுத்துக் காற்று படவைத்தால் பளிச்சென்று தெரியும். சீழ்க்கட்டியின் நடுப்பகுதியிலும் இதே நிலை.

ஆழம் இன்னொரு சிக்கல். சதைக்குள் ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும் ஒளி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. தோலடியில் சில ஆயிரம் கிருமிகள் தெரியலாம், வயிற்றின் ஆழத்தில் லட்சக்கணக்கில் இருந்தால்தான் தெரியும். எனவே தோலருகே உள்ள சிறிய தொற்று, ஆழத்திலுள்ள பெரிய தொற்றைவிடப் பிரகாசமாகத் தெரியும். கறுப்பு மயிர் ஒளியை விழுங்கும், ஆகவே வெள்ளைச் சுண்டெலியை எடுக்கிறார்கள், அல்லது மயிரை மழிக்கிறார்கள். மாட்டுக்கோ மனிதனுக்கோ இந்த முறை எளிதில் ஒத்துவராததற்கு முதல் காரணம் உடலின் பருமன்தான். மனிதனுக்கு மரபணு மாற்றிய நோய்க்கிருமியை வேண்டுமென்றே செலுத்த முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உடலில் வந்த தொற்றைக் கண்டுபிடிக்க மருத்துவர் இந்தக் கேமராவைப் பயன்படுத்த மாட்டார். உங்களுக்கு அவர் எழுதித்தரும் மருந்தை உருவாக்கிய வழியில் எங்காவது இது பயன்பட்டிருக்கலாம்.

கிருமியின் உடல்நிலையும் ஒளியை மாற்றும். ஒளி உண்டாக்க ஆற்றல் வேண்டும். பெருக்கத்தை நிறுத்தி உறங்கும் பாக்டீரியா உயிரோடிருந்தும் ஒளிராமல் இருக்கும். விளக்கைச் சுமப்பதே கிருமிக்கு ஒரு பாரம். லக்ஸ் மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருந்தால், சுமையைக் கீழே போட்டுவிட்டு ஓடும் கூலியாளைப்போலக் கிருமி அதைக் கைவிட்டுவிடும். பிறகு தொற்று இருக்கும், ஒளி இருக்காது. ஆகவே இப்போது பெரும்பாலும் மரபணுக்களைக் கிருமியின் குரோமோசோமுக்குள்ளேயே பதிக்கிறார்கள். பதித்த பிறகும், ஒளிரும் ரகம் ஒளிராத தன் தாய் ரகத்தைப் போலவே நோயுண்டாக்குகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். பாரத்தால் பலவீனமான கிருமியைத் தொடர்ந்து, அதுதான் இயல்பான நோயின் போக்கு என்று எழுதினால் உழைப்பு அத்தனையும் வீண்.

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகும் இந்த முறையை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், அறிவியல் லாபத்தோடு சேர்ந்து வரும் உயிர் லாபம். ஆறு வெவ்வேறு நாட்களில் தொற்றைப் பார்க்க வேண்டும், நாளொன்றுக்கு ஐந்து சுண்டெலி என்றால் பழைய முறையில் 30 சுண்டெலிகள் சாக வேண்டும். உயிரொளி முறையில் அதே ஐந்தை ஆறு முறை படமெடுத்தால் போதும். ஒவ்வொரு சுண்டெலியும் தனக்குத்தானே ஒப்பீடாக இருப்பதால் முடிவும் உறுதியாகிறது. 1959இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள், விலங்குகளுக்கு மாற்றைத் தேடுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள், துன்பத்தைக் குறையுங்கள் என்று மூன்று கொள்கைகளை முன்வைத்தார்கள். கடைசி இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் கருவிகள் அதிகம் இல்லை. ஒளி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் விலங்கு நோயின் கொடுமையை அனுபவிக்கும் முன்பே சோதனையை நிறுத்திவிடவும் முடிகிறது.

சோதனையின் கடைசி நாளில் அந்த ஐந்து சுண்டெலிகளும் பெரும்பாலும் கொல்லப்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஒளி எங்கிருந்து வந்தது என்பதை உறுதிசெய்ய உறுப்புகளை எடுத்து, முதலில் அவற்றைத் தனித்தனியே படமெடுக்கிறார்கள். பிறகு அரைத்து, நீர்த்து, அகார் தட்டுகளில் பரப்பி, மறுநாள் காலனிகளை எண்ணுகிறார்கள். கேமரா சொன்ன எண்ணும் தட்டு சொல்லும் எண்ணும் ஒத்துப்போனால், முந்தைய நாட்களில் அந்தச் சுண்டெலிகளை எடுத்த படங்கள் அத்தனையையும் நம்பி எழுதலாம்.